பாய்மர உச்சியில் ஒரு வேலை

செந்துறைப் பக்கம் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்த பிள்ளைகள் அரியலூர் சிமென்ட் ஆலைகளைத் தாண்டி யோசிப்பது குறைவு. ஆலையில் ஆர்எஸ்-485 லைன் இழுத்துப் பழகிய கைக்குப் பாய்மரப் படகின் காற்றுமானி வயரிங் ஒன்றும் புது வித்தை இல்லை. யோசிக்கலாம்.

பாய்மர உச்சியில் சுழலும் கிண்ணங்கள் காற்றின் வேகத்தையும், சிறு வால் திசையையும் சொல்லும். அந்தத் தகவல் கீழே திரைக்கு வர வேண்டும். பழைய படகுகளில் அதற்கான தகவல் தொடர்பு முறை என்எம்இஏ 0183: ஒரு கருவி பேசும், மற்றவை கேட்கும், வேகம் 4800 பாட். புதியவற்றில் என்எம்இஏ 2000: ஒரே முதுகெலும்பு கேபிள், அதிலிருந்து கிளைகள், இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர். கோளாறு என்று கூப்பிட்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். இரண்டு டேட்டா வயர்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் காட்டினால் சரி. 120 என்றால் ஒரு டெர்மினேட்டர் இல்லை. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சொருகியிருக்கிறார்கள்!

புதியவர்கள் சறுக்கும் இடம் கிளை நீளம். ஒரு கிளை 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. 2024 அக்டோபரில் கோவாவில் கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பிய கடற்படையின் ‘தாரிணி’ படகுக்குப் பாய்மரமே 25 மீட்டர். அவ்வளவு உயரத்துக்குக் கிளை போட முடியாது. முதுகெலும்பையே உச்சிவரை கொண்டுபோய், டெர்மினேட்டரை அங்கே வைப்பது ஒரு வழி.

“நிஜக் காற்று காட்டவில்லை” என்ற புகார் அடிக்கடி வரும். உச்சிக்கு ஏறிவிடாதீர்கள். ஓடும் படகில் மானி அளப்பது படகின் வேகமும் கலந்த காற்றை. படகின் வேகத் தகவலும் அதே லைனில் வந்தால்தான் திரை கணக்குப் போடும், அதைப் பாருங்கள். காற்றுக் கோணம் சரியா என்று பார்க்க, காற்றை எதிர்த்து இரு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். ஒருபுறம் 32, மறுபுறம் 38 டிகிரி வந்தால் வித்தியாசத்தில் பாதி, 3 டிகிரி, திருத்தம்.

வேலை எங்கே? 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னையில் இருக்கிறது. ஆனால் பந்தயத்துக்கு ஓடும் சின்னப் படகுகளுக்கு இத்தனை வயரிங் கிடையாது. கொச்சி, கோவா பக்கம் பெரிய படகுகள் உண்டு. நிலையான சம்பாத்தியத்துக்கு நாகப்பட்டினம், காசிமேடு விசைப்படகுகளின் ஜிபிஎஸ், எக்கோ சவுண்டரிலிருந்து தொடங்குவதே என் யோசனை. நேர்முகத்தில் சம்பளத்துக்கு முன்பே ஒன்றைக் கேளுங்கள்: உயரத்தில் வேலை செய்யும் பயிற்சிக்கும் காப்பீட்டுக்கும் பணம் கட்டுவது யார்?