தளர்வு: நாளைப் பார்த்தா, நோயைப் பார்த்தா?

 

கொரோனாவைப் பற்றி இப்போது எதற்கு ஒரு பாடம் என்று சிலர் நினைக்கலாம். பள்ளிவாசல்களில் ஸஃப்புகள் மறுபடியும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் களியக்காவிளையைத் தாண்டினால் கேரளா. அங்கே 2018-ல் கோழிக்கோடு பகுதியில் தொடங்கிய நிபா அதன் பிறகு பலமுறை தலைகாட்டிவிட்டது. 2023 செப்டம்பரிலும் கோழிக்கோட்டில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள், சில ஊர்களை அடைத்தார்கள். இன்னொரு நோயின் பெயரால் நம் ஊரிலும் கதவுகளை மூடச் சொல்லும் நாள் வரலாம். அல்லாஹ் காப்பாற்றுவானாக. வந்தால் என்ன செய்வது என்பதை, மனம் அமைதியாக இருக்கும் இப்போதே படித்து வைப்பது நல்லது.

2020 மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது நம் மஹல்லாக்களில் பெரிய தர்க்கம் எழவில்லை. மூடச் சொன்னார்கள், மூடினோம். தர்க்கம் எழுந்தது திறக்கும்போதுதான். தினக்கூலிக்குப் போகிறவர் நாளைக்கே திறக்க வேண்டும் என்றார். வீட்டில் வயதான உம்மாவை வைத்திருப்பவர் இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றார். இரண்டு பேருமே சரியான கவலையைத்தான் சொன்னார்கள். இரண்டு கவலைகளையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது என்பதே இந்தப் பாடம்.

மார்க்கம் தரும் அளவுகோல்

கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கே இருப்பவர் தப்பியோடி வெளியே வரவும் வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளை நமக்குத் தெரியும். அந்தக் கட்டளை பேசப்பட்ட ஒரு சந்தர்ப்பத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் போகும் வழியில் ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளை நோய் இருப்பதாகச் செய்தி வந்தது. அவர்கள் உடனே முடிவெடுக்கவில்லை. முஹாஜிர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், கருத்து இரண்டாகப் பிரிந்தது. அன்ஸார்களைக் கேட்டார்கள், அதுவும் பிரிந்தது. பிறகு குறைஷிப் பெரியவர்களைக் கேட்டார்கள். அவர்கள் திரும்பிவிடுவதே நல்லது என்று ஒரே குரலில் சொன்னார்கள். அதன் பிறகே திரும்பும் முடிவு அறிவிக்கப்பட்டது. அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். நபிகளாரின் கட்டளையை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து அறிவித்ததும் அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

இதில் நமக்கு இரண்டு செய்திகள் இருக்கின்றன. எச்சரிக்கையாக இருப்பது ஈமானுக்கு எதிரானதல்ல. முடிவு எடுப்பது ஆலோசனையால்தான், உரக்கப் பேசுகிறவர் குரலால் அல்ல.

ஃபிக்ஹ் கலையில் ஒரு விதி உண்டு. நிர்ப்பந்தத்தால் கிடைக்கும் சலுகை அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மட்டுமே. காரணம் இருக்கும்வரை சலுகை இருக்கும், காரணம் நீங்கினால் சலுகையும் நீங்கும். தயம்மும் நமக்குப் பழக்கமான உதாரணம். தண்ணீர் கிடைக்காதவர் தயம்மும் செய்து தொழலாம். தண்ணீர் கிடைத்த பிறகும் தயம்மும் செய்துகொண்டிருக்க முடியாது. "இன்றைக்கு நாலாம் நாள், ஆகவே தண்ணீர் வந்திருக்கும்" என்று நாளை எண்ணி முடிவு செய்யவும் முடியாது. தண்ணீர் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

ஊரடங்கும் அப்படித்தான். பெருநாள் வந்துவிட்டது, நாற்பது நாள் ஆகிவிட்டது என்பது திறப்பதற்குக் காரணம் ஆகாது. நோய் குறைந்துவிட்ட பிறகும் பயத்தால் மூடியே வைப்பதற்கும் மார்க்கத்தில் இடமில்லை.

நோய் இறங்கியதை எப்படி அறிவது?

2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவைச் சொன்னது. பரிசோதனை செய்யப்படும் 100 பேரில் நோய் உறுதியாவோர் 5 பேருக்குக் குறைவாக, அதுவும் 14 நாட்கள் தொடர்ந்து இருந்தால் தளர்வை யோசிக்கலாம்.

எதற்காக 14 நாள்? கொரோனா தொற்றியவருக்குப் பெரும்பாலும் ஐந்தாறு நாளில் அறிகுறி தெரியும், சிலருக்கு 14 நாள் வரை ஆகும். அதன் பிறகு பரிசோதனை, அதன் பிறகு முடிவு. ஆக, இன்று பத்திரிகையில் வரும் எண்ணிக்கை இன்றைய நிலை அல்ல, ஒன்றிரண்டு வாரத்துக்கு முன்பு நாம் நடந்துகொண்ட விதத்தின் பலன். இன்று கதவைத் திறந்தால் அதன் விளைவு தெரிய இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். நோய்க்கு நோய் இந்தக் கணக்கு மாறும். நிபாவுக்கு 21 நாள் வரை கவனிக்கிறார்கள். கடைசி நோயாளிக்குப் பிறகு அதன் இரு மடங்கான 42 நாள் கழிந்தால்தான் நோய் ஓய்ந்தது என்கிறார்கள்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாறவும் கூடும். பரிசோதனையைக் குறைத்தால் நோயாளி எண்ணிக்கையும் தானாகக் குறையும். அதனால்தான் நூற்றுக்கு எத்தனை என்று பார்க்கிறார்கள்.

மக்காவில் திறந்த விதம்

இந்த 14 நாள் கணக்கை நடைமுறையில் பார்க்க ஹரம் ஷரீஃபைப் பார்க்கலாம். 2020-ல் நிறுத்தப்பட்டிருந்த உம்ரா அந்த ஆண்டு அக்டோபர் 4-ல் மீண்டும் தொடங்கியது. முதலில் நாளொன்றுக்கு 6,000 பேர், அதுவும் உள்நாட்டில் இருப்பவர்கள் மட்டும். அக்டோபர் 18-ல் அது 15,000 ஆனது. நவம்பர் 1-ல் 20,000 ஆகி, வெளிநாட்டவருக்கும் வழி திறந்தது. மூன்று தேதிகளையும் கவனியுங்கள். ஒவ்வொரு படிக்கும் இடையே சரியாக 14 நாள். இடைவெளிக் கோடுகளை அகற்றி, தோளோடு தோள் நின்று தொழ விட்டது 2021 அக்டோபர் 17-ல்தான். கஃபாவுக்கே ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் படிப்படியான ஏற்பாடு தேவைப்பட்டது.

நம் மாநிலத்தில் நடந்தது

மத்திய அரசு 2020 ஜூன் 8 முதல் வழிபாட்டுத் தலங்களைத் திறக்க அனுமதித்தது. தமிழக அரசு உடனே திறக்கவில்லை. ஜூலையில் கிராமப்புறத்துச் சிறிய தலங்கள், ஆகஸ்ட் 10 முதல் நகர்ப்புறத்துச் சிறிய தலங்கள், செப்டம்பர் 1 முதல் அனைத்தும் என்று படிப்படியாகத் திறந்தது. அந்த ஆண்டின் ரமலான் முழுவதும் தராவீஹ் வீட்டில்தான். நோன்புக் கஞ்சிக்காக 2,895 பள்ளிவாசல்களுக்கு அரசு ஒதுக்கிய 5,450 டன் அரிசி, பள்ளியில் காய்ச்சப்படாமல் வீடுகளுக்கே பச்சரிசியாகப் போனது. ஷாஃபிஈ மத்ஹபில் ஜும்ஆவுக்கு 40 பேர் வேண்டும். அந்த எண்ணிக்கைக்கு வழியில்லாததால் ளுஹர் தொழுதோம்.

அந்த நாட்களில் நம் மக்கள் மனத்தில் ஒரு கேள்வி கொதித்தது. 2020 மே 7-ல் டாஸ்மாக் கடையைத் திறந்தார்களே, பள்ளிவாசலை மட்டும் மூடி வைப்பது என்ன நியாயம்? கேள்வி நியாயமானது. நீதிமன்றம் வரை போன விஷயம் அது. ஆனால் அதற்கு நாம் சொல்லும் பதில் இதுதான்: சாராயக் கடைக் கூட்டம் தவறு என்றால், அதே தவறைப் பள்ளிவாசலில் செய்வது பரிகாரம் ஆகாது. அல்லாஹ்வின் வீட்டிலிருந்து ஒருவர் நோயைக் கொண்டுபோய்த் தன் வாப்பாவுக்குக் கொடுத்தார் என்ற நிலை வரக்கூடாது.

2021 தொடக்கத்தில் நோய் ஓய்ந்தது போலிருந்தது. பிப்ரவரியில் நாட்டில் நாளொன்றுக்குப் பத்தாயிரத்தைச் சற்றுத் தாண்டிய எண்ணிக்கை, மே மாதத் தொடக்கத்தில் 4 லட்சத்தைத் தாண்டியது. ஏப்ரல் 14-ல் தொடங்கிய ரமலானில் பன்னிரண்டு நாள் மட்டுமே பள்ளியில் தராவீஹ் கிடைத்தது. ஏப்ரல் 26-ல் மறுபடியும் கதவு மூடியது. தமிழகத்தில் மே 21-ல் 36,184 என்று உச்சம் தொட்ட தினசரி எண்ணிக்கை 4,000-க்குக் கீழே இறங்கிய பிறகு, ஜூலை 5-ல் திறந்தார்கள். ஆகஸ்ட்டில் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் மூடச் சொன்னார்கள். வாரத்தின் மற்ற நாளில் திறந்திருந்த பள்ளி ஜும்ஆவுக்கு மூடியிருந்தது நமக்கு மிகவும் வலித்தது. கூட்டம் சேரும் நாள் எதுவோ அதை மூடுவது என்பது அதன் தர்க்கம். அக்டோபர் நடுவில் அதுவும் நீங்கியது.

பெருநாளுக்காகத் தந்த மூன்று நாள்

இந்தப் பாடத்தில் நாம் மனம் கோணாமல் படிக்க வேண்டிய பகுதி இது. 2021 ஜூலை 21 ஹஜ்ஜுப் பெருநாள். அதற்கு முந்தைய மூன்று நாட்கள், ஜூலை 18, 19, 20, கேரள அரசு துணிக்கடை, செருப்புக்கடை, நகைக்கடைகளைத் திறக்க விட்டது. வியாபாரிகள் நெருக்கினார்கள், கடன் கழுத்தை நெரித்தது, பெருநாள் வியாபாரம் போனால் ஆண்டே போனது என்றார்கள். அது பொய்யல்ல. ஆனால் அப்போது அங்கே பரிசோதனையில் 100-க்குப் பத்துப் பேருக்கு மேல் நோய் உறுதியாகிக்கொண்டிருந்தது. நோய் மிக அதிகமாக இருந்த பகுதிகளுக்கும் 19-ம் தேதி ஒரு நாள் அனுமதி கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.எஃப். நரிமன் அமர்வு ஜூலை 20-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அதே அமர்வுதான் அதற்குச் சில நாள் முன்பு உத்தரப் பிரதேசத்தின் காவடி யாத்திரை விஷயத்திலும் கண்டிப்புக் காட்டியது. ஆகவே இதை ஒரு சமுதாயத்துக்கு எதிரான பேச்சாக எடுக்க முடியாது.

ஆகஸ்ட் 25-ல் கேரளாவின் ஒரு நாள் எண்ணிக்கை 31,445 ஆனது. இடையில் ஓணமும் வந்தது, ஆகவே எல்லாப் பழியையும் பெருநாள் மேல் போடுவது நியாயமில்லை. ஆனாலும் நோய் இறங்கியதைப் பார்க்காமல் நாளைப் பார்த்துத் தந்த தளர்வு அது என்பதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பெருநாளின் பெயரால் பிறருக்கு ஆபத்து வருவதை நாம் விரும்பக்கூடாது.

மூடி வைப்பதற்கும் விலை உண்டு

இதனால், எவ்வளவு நாள் மூடினாலும் நல்லது என்று யாரும் எண்ண வேண்டாம். நிரந்தரச் சம்பளம் உள்ளவர் பொறுங்கள் என்று எளிதாகச் சொல்லலாம். ரப்பர் பால் வெட்டுகிறவர், மீன் கூடை சுமப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், வளைகுடாவிலிருந்து வேலை இழந்து திரும்பியவர், இவர்களுக்கு ஒவ்வொரு நாளும் கணக்குத்தான். தமிழகத்தில் 1 முதல் 8-ம் வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ல்தான் பள்ளிக்கூடம் திரும்பினார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் எழுத்தும் ஓதலும் விட்டுப்போன பிள்ளைகள் பலர். வீட்டில் செல்போன் இல்லாத பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு என்பது பெயரளவுக்குத்தான்.

ஆகவே எதை முதலில் திறப்பது என்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஏழையின் கூலி வேலை முதலில், பிள்ளைகளின் படிப்பும் மதரஸாவும் அடுத்து, ஜமாஅத் தொழுகை அளவோடு, வலீமா விருந்து கடைசியில். திருமணத்துக்கு 50 பேர் என்று அரசு வரம்பு வைத்த காலத்தில் அதிலேயே நிறைவாக நிக்காஹ் நடந்தது. மூடிய மண்டபத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பதைவிட எளிதாக நோய் பரவும் இடம் வேறில்லை. தள்ளிப்போட மிக எளிதானதும் அதுதான்.

ஜமாஅத் நிர்வாகம் கேட்க வேண்டிய கேள்விகள்

அரசு அனுமதித்துவிட்டது என்றால் திறக்கலாம் என்று பொருள், அன்றே திறந்தாக வேண்டும் என்றல்ல. அரசு அனுமதிக்கும் முன் திறக்கக் கூடாது. அனுமதி வந்த பிறகு நிர்வாகிகள், இமாம், மஹல்லாவிலுள்ள ஒரு மருத்துவர் உட்கார்ந்து இவற்றைப் பேச வேண்டும்:

1. நம் மாவட்டத்தில் நோய் இரண்டு வாரமாகத் தொடர்ந்து இறங்கியிருக்கிறதா? பரிசோதனை குறையாமல் நடக்கிறதா?

2. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் இடம் இருக்கிறதா? நாளை பத்துப் பேர் சேர்ந்து விழுந்தால் படுக்கை கிடைக்குமா?

3. திருவனந்தபுரம் பக்கம் எப்படி இருக்கிறது? 2020 ஜூலையில் பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் என்று கேரள முதல்வர் அறிவித்தார். நம் சம்பந்தமும் வியாபாரமும் அந்தப் பக்கம் இருப்பதால் அவர்கள் எண்ணிக்கையும் நம் எண்ணிக்கைதான்.

4. ஹவ்ளை மூடிவிட்டுக் குழாயில் உளூச் செய்ய வசதி உண்டா? ஜன்னல்கள் திறக்குமா? அவரவர் முஸல்லாவைக் கொண்டுவர முடியுமா?

5. வீட்டிலேயே தொழ வேண்டியவர்கள் யார்? 65 வயதைத் தாண்டியவர்களும் 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வீட்டில் இருக்கவே 2020-ல் அறிவுறுத்தினார்கள். கடும் மழை நாளில் வீட்டிலேயே தொழும்படி அறிவிக்கச் சொன்னது நபிவழி. வராதவரைக் குறை பேசக்கூடாது.

6. எந்த நிலை வந்தால் மறுபடி மூடுவோம்? இதைத் திறக்கும் அன்றே எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும். நோய் ஏறிய பிறகு பேச உட்கார்ந்தால் பேச்சு முடிவதற்குள் நோய் முந்திவிடும்.

7. மூடியிருக்கும் நாளில் இமாம், மோதினார், ஓதிக்கொடுப்பவர் சம்பளத்துக்கும், வேலையில்லாத குடும்பங்களின் அரிசிக்கும் பைத்துல்மாலில் என்ன இருக்கிறது? இது நிறைவாக இருந்தால்தான் பொறுமையாக முடிவெடுக்க முடியும். வயிறு காய்ந்தவரிடம் பொறுமை பேச நமக்கு உரிமையில்லை.

இந்த ஏழாவது கேள்விக்கு மட்டும் நோய் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மஹல்லாவும் பைத்துல்மாலில் இரண்டு மாதத் தேவைக்கான ஒரு தனித் தொகையை இப்போதே சேர்க்கத் தொடங்கலாம். ஸதகா நோயையும் தடுக்கும், நோய்க் காலத்தில் அவசர முடிவையும் தடுக்கும்.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் அண்டை வீட்டாரையும் எல்லாக் கொள்ளை நோய்களிலிருந்தும் காப்பானாக. அந்த நாட்களில் நம்மை விட்டுப் பிரிந்தவர்களின் கப்ருகளை விசாலமாக்குவானாக. அவன் வீட்டை மூட நேர்ந்தால் அழகிய பொறுமையையும், திறக்கும் நாளில் தெளிந்த அறிவையும் தருவானாக. ஆமீன்.