பவுல் கிளே ஏன் வரைந்தார்?



எமது பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களைப் பேர்ண் நகரிலுள்ள பவுல் கிளே மையத்துக்கு ஒருமுறை அழைத்துச் சென்றோம். மூன்று அலைகள் எழுந்து நிற்பன போல இரெஞ்சோ பியானோ என்னும் இத்தாலியக் கட்டடக் கலைஞர் அமைத்த அம்மண்டபம் 2005 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கிளேயின் ஆக்கங்களுள் ஏறத்தாழ நாலாயிரம் அங்கே பேணப்படுகின்றன. எம்முடன் வந்த தந்தையார் ஒருவர் ஒரு படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பின்னர் எம் பக்கம் திரும்பி, "மாஸ்டர், இதில என்ன கிடக்கு? என்ர மகளும் இப்பிடித்தானே கீறுறவள்" என்றார். ஏளனமாக அவர் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினார். நின்ற நிலையில் எம்மால் தக்க விடை கூற இயலவில்லை. ஆகவே இக்கட்டுரையை எழுதலானோம்.

அந்தக் கேள்வியைக் கிளே கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். தம் படைப்புகள் யாவற்றையும் எண்ணிட்டுப் பதியும் பெரும் பட்டியலொன்றை அவர் 1911 இல் எழுதத் தொடங்கினார். தாம் சிறு பிள்ளையாயிருந்தபோது கீறிய படங்கள் சிலவற்றையும் அதிற் சேர்த்துக்கொண்டார். கலைக்கூடத்திற் பயின்ற காலத்துப் படங்கள் பலவற்றை அவ்வாறு மதித்துச் சேர்த்தாரல்லர்.

இவர் 1879 டிசம்பர் 18 ஆம் நாள் பேர்ணுக்கு அண்மையிலுள்ள முன்சன்புக்சே என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் யேர்மனியர், இசையாசிரியர். தாயார் சுவிற்சர்லாந்து நாட்டவர், பாடகி. வயலினிற் சிறுவயதிலேயே தேர்ச்சி பெற்ற மகன், இசையா ஓவியமா என்று தயங்கி, ஈற்றில் ஓவியத்தைத் தேர்ந்தார். பிறந்ததும் வளர்ந்ததும் பேர்ண்ப் பகுதியிலே. குடியுரிமையோ தந்தை வழியாக யேர்மனியது. மாணவர்கள் இச்செய்தியை நினைவில் வைத்திருப்பார்களாக, பின்னர் வேண்டியிருக்கும்.

நெடுங்காலம் அவர் பென்சிலையும் பேனாவையுமே நம்பியிருந்தார். 1914 ஏப்ரலில் நண்பர் இருவருடன் தூனிசியா சென்ற பின்னரே நிறம் தம் வசப்பட்டதாக உணர்ந்தார். பயணம் இரு கிழமைகள்தாம். அதன் பயனோ வாழ்நாள் முழுதும் நீடித்தது.

இனி, அவர் வரைந்த முறையைப் பார்ப்போம். நாம் பொதுவாக ஒரு மரத்தைப் பார்த்து, அதைப் போல ஒன்றைத் தாளிற் கீற முயல்கின்றோம். கிளே ஒரு புள்ளியிலிருந்து தொடங்குவார். புள்ளி நகர்ந்தாற் கோடு. கோடு நகர்ந்தாற் பரப்பு. 1921 முதற் பத்தாண்டுகள் யேர்மனியின் பவுகவுஸ் கலைப்பள்ளியில் அவர் மாணவர்க்குக் கற்பித்த பாடமும் இதுவே. கோட்டைத் தன் போக்கில் உலாவ விட்டுப் பார்ப்பார். போகப் போக அதில் ஒரு கூரையோ, மீனோ, பிறையோ தோன்றக்கூடும். தோன்றியதை அவர் தள்ளவுமில்லை. தோன்றாததை வலிந்து அழைக்கவுமில்லை. பெரும்பாலும் படம் முடிந்த பின்னரே அதற்குப் பெயரிடுவார். நாமோ தலைப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் படம் கீறச் சொல்கிறோம்!

அவருடைய வேலை மேசை ஓர் அடுக்களை போன்றது. சாக்குத்துணி, வலைத்துணி, செய்தித்தாள், பசை, சுண்ணம் என்று கிடைத்தவற்றையெல்லாம் சேர்த்துத் தாமே தளம் அமைப்பார். கறுப்பு எண்ணெய் வர்ணம் பூசிய தாளைக் கார்பன் தாள் போலக் கவிழ்த்து வைத்து, அதன்மீது ஊசிமுனையாற் கீறிப் படியெடுப்பார். முடிந்த படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி இரு படங்களாக்கியதும் உண்டு. 1932 இல் வரைந்த 'அட் பர்னாசும்' என்னும் படமோ மிகப் பொறுமையாகச் செய்யப்பட்டது. சிறு சிறு நிறப் புள்ளிகள் வரிசை வரிசையாய் நிரம்ப, மேலே மலைமுகடு அல்லது கூரை போன்ற ஒரு கோடும், பக்கத்தில் செம்மஞ்சள் வட்டம் ஒன்றும் நிற்கும். அது மலையா வீடா என்று அவர் சொல்லவில்லை. பல குரல்கள் ஒருங்கே ஒலிக்கும் இசையைக் கற்பிக்கும் பழைய நூலொன்றின் பெயரை அத்தலைப்பு நினைவூட்டும்.

அவ்வாறாயின், கண்ட மரத்தைக் கண்டபடி கீறாதது ஏன்? 1924 இல் யேனா நகரில் ஆற்றிய உரையில் ஓவியனை அவர் மரத்தின் அடிக்கு ஒப்பிட்டார். உலகில் அவன் பெறும் அனுபவங்கள் வேர்கள்; அங்கிருந்து ஏறும் சாறு அவனூடாகச் சென்று மேலே கிளையாய் விரிகின்றது. வேரைப் போலவே கிளையும் இருக்கவேண்டுமென்று எவரும் கேட்பதில்லை. ஓவியன் செய்வது பெற்றதை மேலே கடத்திவிடுவது மட்டுமே என்பது அவர் கருத்து.

இவ்விடத்தில் எமது பிழையொன்றைச் சொல்லவேண்டும். ஊரில் நாம் தமிழாசிரியராயிருந்தபோது, சித்திர ஆசிரியர் இல்லாத குறையால் அப்பாடத்தையும் சில காலம் பார்த்தோம். ஒரு மாணவன் பனைமரத்துக்கு நீல நிறம் தீட்டியிருந்தான். கொப்பியிற் சிவப்பு மையாற் பிழையிட்டோம். "சேர், அது இரவில நிக்கிற பனை" என்றான் அவன். நாம் திருத்தத்தை மாற்றவில்லை. அவன் அதன்பின் எமது வகுப்பில் எல்லாப் பனைகளையும் பச்சையாகவே கீறினான்.

கிளேக்கும் பிழையிட்டவர்கள் உண்டு. அவர்கள் கையில் அரசே இருந்தது. 1933 இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் தூசல்டோர்வ் கலைக்கூடத்தில் அவர் வகித்த பேராசிரியர் பதவி பறிபோயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் பேர்ணுக்குத் திரும்பினார். 1937 இல் மியூனிக்கில் 'சீர்கெட்ட கலை' என்று பெயரிட்டு நடத்திய கண்காட்சியில் அவருடைய படங்கள் பதினேழைத் தொங்கவிட்டு இகழ்ந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டவை அரும்பொருளகங்களிலிருந்து கைப்பற்றப்பட்டன. 1935 இல் நோயும் வந்தது. தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் கொடிய நோய். உணவை விழுங்குவதும் கடினமாயிற்று.

1936 இல் அவர் பட்டியலிற் சேர்ந்தவை இருபத்தைந்து படங்களே. 1939 இலோ 1,200 க்கும் மேல்! தடித்த கறுப்புக் கோடுகள், எழுத்துப் போன்ற குறிகள், இறக்கை முழுதாய் வளராத தேவதைகள். படங்கள் பிள்ளைகளைப் போல முந்தி ஓடுகின்றன, தம்மால் உடன்செல்ல முடியவில்லை என்னும் பொருள்பட மகனுக்குக் கடிதம் எழுதினார். அவற்றை வாங்குவோர் அந்நாளில் மிகச் சிலரே. ஏன் வரைந்தார் என்னும் கேள்விக்கு இந்த எண்ணிக்கையிலும் சிறந்த விடை எமக்குத் தெரியவில்லை.

அவர் பிறந்த நாடு அவரை அயலவராகவே பதிந்து வைத்திருந்தது. ஐந்தாண்டுகள் வதிந்த பின்னரே குடியுரிமை கேட்கலாம் என்பது சட்டம். 1939 இல் விண்ணப்பித்தார். இறுதி விடை வருமுன் 1940 ஜூன் 29 ஆம் நாள் லொக்கார்னோவுக்கு அருகில் காலமானார். கிளே தாம் பிறந்து வளர்ந்த ஊருக்கே மீண்டவர். எமது நிலை வேறு. ஆயினும் வதிவிட அனுமதிக் கடிதத்துக்காகத் தபாற்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்த பெற்றோருக்கு அந்தக் காத்திருப்பை விளக்க வேண்டியதில்லை.

பயிற்சி: ஒரு வெள்ளைத்தாளில் எங்கேனும் ஒரு புள்ளி வைத்து, எதையும் எண்ணாது பேனாவை எடுக்காமல் ஒரே கோடாகக் கீறுக. தோன்றும் இடங்களுக்கு விரும்பிய நிறம் தீட்டுக. தலைப்பைக் கடைசியாகத் தமிழில் எழுதுக. பெற்றோரும் தனித்தாளிற் செய்யலாம். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவருக, புள்ளிகள் வழங்கப்படமாட்டா.