உடம்பில் அரிப்பும் தடிப்பும்

தஞ்சை வெயிலில் முதுகிலும் மார்பிலும் பொடிப்பொடியாக வருவது பெரும்பாலும் வேர்க்குரு. காற்றோட்டமும் பருத்தித் துணியும் இருந்தால் தானே அடங்கும்.

படர்தாமரை அப்படியல்ல. கைலியும் பாவாடை நாடாவும் இறுகும் இடுப்பில் வட்டமாகத் தொடங்கி, ஓரம் சிவந்து, நடு தெளிந்து படரும். நடவு வயலிலிருந்து வந்து ஈரக் கைலியோடு இருப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். இது பூஞ்சைத் தொற்று. மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பூசினால் அரிப்பு சீக்கிரம் குறையும். பூஞ்சையோ மேலும் பரவும். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென்றது. சீட்டை யார் கேட்கிறார்கள்? தோல் மருத்துவர் சொன்ன நாள் முழுவதும் மருந்திடுங்கள். ஆளுக்கொரு துண்டு வையுங்கள். வீட்டில் அரிப்புள்ள அனைவரும் சேர்ந்தே காட்டுங்கள்; ஒருவர் விட்டாலும் மற்றவருக்குத் திரும்ப வரும்.

ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோடு கொப்புளங்கள் வரிசையாக வந்தால் அது அக்கி. காவி எழுதப் போய் நாளைக் கழிக்காதீர்கள். 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன்.

அரிக்காத, தொட்டால் உணர்ச்சியற்ற வெளிர் படை இருந்தால் தொழுநோயா என்று பார்த்துவிடுங்கள். மறைக்க வேண்டியதில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், குணமும் ஆகும்.