பதினாறு கட்டத்தில் பெரியபாளையம்!

டிப்ளமோ படிக்கிற நமக்கு கிராஃப் ஷீட் புதிதல்ல. முதல் வருஷம் டிராயிங், அப்புறம் லேபில் எடுத்த ரீடிங்கிற்கு கர்வ் என்று மூன்று வருஷமும் அதோடுதான் குடித்தனம். அதே கட்டத்தாளில் ஒரு ஊரையே வரைந்து, அதற்குள் ஒரு ஆளை நடமாடவிட்டு, விளையாட்டாக்க முடியும். எங்கள் புராஜெக்ட் செட் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறது. நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி., என்றால் என்ன? நாமே ஒரு பாத்திரமாகி, ஊர் ஊராகப் போய், எதிர்ப்படுகிறவர்களிடம் பேசி, பொருள் சேர்த்து, வம்பு வந்தால் சமாளித்து, கதையை முடிப்பது. ஜப்பானில் 1986ல் வந்த டிராகன் குவெஸ்ட், 1987ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி இரண்டும் இதற்குப் பெரியண்ணன்கள். இவை ஓடியது நின்டெண்டோ கம்பெனியின் ஃபேமிகாம் மெஷினில். 90களில் நம் ஊர்க் கடைகளில் கேசட் செருகி ஆடுகிற 'டி.வி. கேம்' என்று விற்றதில் முக்கால்வாசி அதன் நகல்தான்.

அந்த மெஷினின் கணக்கு நமக்குப் பிடித்த கணக்கு. திரை 256க்கு 240 புள்ளி. ஒரு புள்ளிக்கு 2 பிட் என்று முழுத்திரையையும் அப்படியே சேமித்தால் 15,360 பைட் வேண்டும். அந்தக் காலத்தில் அது கொள்ளை மெமரி! ஆகவே திரையை 8க்கு 8 ஓடுகளாக வெட்டினார்கள். ஒரு ஓட்டுக்கு 16 பைட். கிடைமட்டத்தில் 32, நெடுக்கில் 30, ஆக 960 இடங்கள். எந்த இடத்தில் எத்தனையாம் நம்பர் ஓடு என்று மட்டும் எழுதி வைத்தால் 960 பைட், கலர் விவரத்துக்கு 64 பைட். மொத்தம் 1,024. ஒரே புல் ஓட்டைத் திரும்பத் திரும்பப் பதித்தால் வயல் வந்துவிடும். கொத்தனார் டைல்ஸ் பதிக்கிற மாதிரியேதான். 1985ல் வந்த சூப்பர் மாரியோவில் மேகமும் புதரும் ஒரே படம். கலர் மட்டும் வேறு. நம்பாதவர்கள் மறுபடி ஆடிப் பாருங்கள்.

"இன்றைக்குத்தான் மெமரி கொட்டிக் கிடக்கிறதே, எதற்கு இந்தப் பழைய ஸ்டைல்?" என்று ஜூனியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் லேப் கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, அது ஒரு காரணம். ஆளும் நாலே பேர். ஆனால் அமெரிக்காவில் எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் படம், இசை, புரோகிராம் எல்லாம் தானே செய்து, 2016ல் ஸ்டார்டியூ வேலி என்ற பிக்ஸல் கேமை வெளியிட்டு உலகம் முழுக்க விற்றார். நாலு பேர் ஒரு புராஜெக்டை முடிக்க முடியாதா?

இன்னொரு விஷயம் எனக்கு முக்கியமாகப்படுகிறது. இணையத்தில் இலவச ஓடுகள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கின்றன. இறக்கிப் பார்த்தால் கோட்டை, பைன் மரம், பனி, புகைபோக்கி வைத்த வீடு. அதை எடுத்துப் பதித்தால் ஒரே நாளில் ஊர் ரெடி. ஆனால் யார் ஊர்? நம் பக்கத்தில் புகைபோக்கி இருப்பது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில்தான், வீட்டில் அல்ல. பனைமரமும் வேப்பமரமும் ஆரணி ஆற்று மணலும் அந்த மூட்டையில் இல்லை. நாம் வரைந்தால்தான் உண்டு.

ஆகவே எங்கள் கதை நடக்கிற இடம் பெரியபாளையம். பவானி அம்மன் கோயில் தலவரலாற்றில் ஒரு வளையல் வியாபாரி வருவது உங்களுக்குத் தெரியும். அவர்தான் எங்கள் ஹீரோ. (அம்மனை நாங்கள் வரையவில்லை. கோபுரத்தோடு நிறுத்திக்கொண்டோம். 16 கட்டத்தில் அடக்கக் கூடாதது சிலது உண்டு என்பது என் கட்சி.)

இனி வேலைக்கு வருவோம். ஓட்டின் அளவு 16க்கு 16. ஹீரோவும் அதே அளவு. தலையில் வளையல் மூட்டைக்கு 4 வரிசை, முகத்துக்கு 6, உடம்புக்கு 6. தலை இவ்வளவு பெரிசா என்று கேட்காதீர்கள். நிஜ அளவில் தலை வைத்தால் 2 கட்டத்தில் முகம் எங்கே வரைவது? கண் என்பது ஒரு கட்ட அகலம், இரண்டு கட்ட உயரம். மூக்கு, வாய் கிடையவே கிடையாது. 1981ல் டாங்கி காங் விளையாட்டுக்காக மியாமோட்டோ வரைந்த ஆளுக்கு மீசை வந்தது வாய் வரைய இடமில்லாததால். தொப்பி வந்தது தலைமுடி வரையச் சிரமமாக இருந்ததால். அந்த ஆள்தான் பிற்பாடு மாரியோ. நம் ஹீரோவுக்கு வேட்டியை மடிச்சுக் கட்டியிருக்கிறோம். இறக்கிக் கட்டினால் கால் தெரியாது. கால் தெரியாவிட்டால் நடக்கிற மாதிரி இருக்காது, சறுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும்.

நடைக்கு ஒரு திசைக்கு 3 படம்: நிற்பது, இடது கால், வலது கால். நாலு திசைக்கு 12 படம். ஆனால் இடப்பக்கம் போகிற படத்தைக் கண்ணாடியில் காட்டுகிற மாதிரி திருப்பினால் வலப்பக்கம் ரெடி. முன்னும் பின்னும் கூட இடது கால் படத்தைத் திருப்பினால் வலது கால். ஆக முன்பக்கம் 2, பின்பக்கம் 2, பக்கவாட்டில் 3. ஏழே படம்! மூட்டையைத் தோளில் மாட்டாமல் தலையில் ஏற்றியதன் ரகசியம் இதுதான். தோளில் இருந்தால் திருப்பும்போதெல்லாம் தோள் மாறிவிடும். கால் எடுத்து வைக்கிற படத்தில் உடம்பை ஒரு கட்டம் இறக்கிவிடுங்கள். நடைக்கு உயிர் வந்துவிடும்.

எங்களுக்கு ரொம்ப நாள் எடுத்தது ஆடி மாசக் கூட்டம்தான். வேப்பஞ்சேலை கட்டி வருகிற பெண்ணை 16 கட்டத்தில் எப்படிக் காட்டுவது? வெறும் பச்சை பூசினால் பச்சைச் சேலை. உள்ளே இலை இலையாக வரைந்தால் அழுக்குத் துணி மாதிரி தெரிகிறது. வழி விளிம்பில் இருந்தது. கீழ் ஓரத்தில் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் நீட்டி, இடுப்பு ஓரத்தில் இரண்டு கட்டம் துருத்தி நிற்கவிட்டால் போதும். கேன்டீனில் யாரிடமும் சொல்லாமல் திரையைக் காட்டினோம். "அட, வேப்பிலை கட்டிக்கிட்டு வராங்க!" என்றாள் முதல் வருஷப் பெண் ஒருத்தி. அன்றைக்கு எங்கள் செட்டுக்கு டீ என் செலவு.

பச்சைக்கு மூன்று கலர் போதும். நிழலுக்கு வெறுமனே கறுப்பு கலக்காதீர்கள். கொஞ்சம் நீலத்துக்குத் தள்ளுங்கள். வெயில் படுகிற இடத்தை மஞ்சளுக்குத் தள்ளுங்கள். வெளிச்சம் ஊர் முழுக்க ஒரே பக்கமிருந்து வர வேண்டும். ஆற்றங்கரை வளைவை வரையும்போது படிகள் 1, 2, 3, 4 என்று ஒழுங்காக நீள வேண்டும். 1, 3, 1, 2 என்று போனால் கரை பல் போன சீப்பாகிவிடும்.

புள்ளி எண்ணி, ஒழுங்கு தவறாமல் இழுப்பது நம் வீட்டு வாசலில் தினமும் நடப்பதுதானே. தாம்பரம் கிறிஸ்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிரிதிவாசன் மூவரும் கோலத்தை கம்ப்யூட்டர் இலக்கணமாக எழுத முடியும் என்று காட்டிய ஆராய்ச்சிக் கட்டுரை 1974ல் ஒரு சர்வதேச கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இதழில் வெளிவந்தது. கேம் செய்கிறவர்கள் வீட்டில் கோலம் போடுகிறவர் பக்கத்தில் ஒரு காலை உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

தமிழில் வசனம் போடுவது தனித் தலைவலி. இங்கிலீஷ் எழுத்து 5க்கு 7 கட்டத்தில் அடங்கிவிடும். நம் 'ஞ', 'ணை' அடங்குமா? மெய்யெழுத்தின் புள்ளிக்கு மேலே ஒரு வரிசை, ஒட்டாமலிருக்க இடைவெளி ஒரு வரிசை, 'மு' மாதிரி கீழே இறங்குவதற்கு இன்னும் இரண்டு. நாங்கள் எழுத்துக்கு 16 வரிசை ஒதுக்கி, வசனத்தை இரண்டு வரிக்குள் சுருக்கிக்கொண்டோம். கேமை ஓட்ட கோடோ என்ற இலவச மென்பொருள். 2023ல் வந்த அதன் 4ம் பதிப்பு முதல் தமிழ்க் கொம்பு சரியான இடத்தில் விழுகிறது. அதற்கு முந்தையதை எடுக்காதீர்கள்.

படம் வரைய லிப்ரேஸ்பிரைட், பிஸ்கெல் இரண்டும் இலவசம். பி.என்.ஜி.யாகச் சேமியுங்கள், ஜேபெக்கில் போட்டால் ஓரமெல்லாம் கசங்கிவிடும். கோடோவில் டெக்ஸ்சர் ஃபில்டரை 'நியரஸ்ட்' என்று மாற்றாவிட்டால் படம் மூக்குக்கண்ணாடி இல்லாமல் பார்க்கிற மாதிரி மங்கும். திரை 320க்கு 180 வைத்துக்கொண்டால் 4 மடங்கில் 1280க்கு 720, 6 மடங்கில் 1920க்கு 1080. எந்த மானிட்டராக இருந்தாலும் முழு மடங்கில்தான் பெருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு பெருக்கினால் ஹீரோவுக்கு ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு!

கோயில் தெரு, ஆறு, தோப்பு முடிந்துவிட்டது. பாக்கி பஸ் ஸ்டாண்டு. ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகிற பஸ்ஸை 48க்கு 32ல் அடக்கியாகிவிட்டது. ஊர்ப்பெயர் பலகைக்கு மிச்சம் இருப்பது 5 வரிசை. 'திருப்பதி' என்று அதில் எழுத யாருக்காவது வழி தெரிந்தால், மதியம் கம்ப்யூட்டர் லேப் பக்கம் வாருங்கள்.