ஐப்பசி மழையும் காய்கறித் தோட்டமும்

ஒருவருக்கு நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஐவர் கொண்ட குடும்பத்திற்கு இது 2 கிலோ ஆகும். அடைமழையால் சந்தைக்கு வரத்துக் குறைந்து தக்காளி விலை ஏறும் நாட்களில், கூலி வேலையும் இன்றி வீட்டிலிருக்கும் குடும்பம் இவ்வளவையும் விலைக்கு வாங்க இயலுமா? அத்தகைய வீடுகளில் முதலில் குறைவது குழந்தையின் தட்டிலுள்ள காயே. ஆதலின் வீட்டின் பின்புறமுள்ள 2 சென்ட் நிலமும் நம் கவனத்திற்குரியதாகும்.

ஆடிப் பட்டம் தேடி விதைப்பதை நம் உழவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆடியில் விதைத்ததோடு தோட்ட வேலை தீர்ந்ததென்று இருந்துவிடுவது பரவலான வழக்கம். நம் மாநிலத்தில் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. அம்மழை பொதுவாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும். எனவே புரட்டாசி முடியுமுன் நிலம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

முதல் வேலை வடிகால். நீர் பாய்ச்சுவதில் நம்மவர் காட்டும் அக்கறையை நீரை வெளியேற்றுவதில் காண்பதரிது. தக்காளி, மிளகாய், முருங்கை ஆகியவற்றின் வேரில் இரண்டொரு நாள் நீர் தேங்கினாலே வேர் மூச்சு முட்டி அழுகத் தொடங்கும். இலை வாடுவதைக் கண்டு, நீர் போதவில்லையென எண்ணி மேலும் நீர் ஊற்றுவோரும் உண்டு! தோட்டத்தின் தாழ்ந்த பக்கத்தில் ஓர் அடி ஆழத்திற்குக் கால்வாய் எடுத்து, பாத்திகளை மேடாக்கி, செடிகளைக் கரையின் மேற்பகுதியில் நட வேண்டும். வடிநீர் அண்டை வீட்டின் சுவரில் மோதாமல் தெருவின் வடிகாலைச் சென்றடைய வழி வேண்டும். இது தனி ஒருவரால் ஆகக்கூடியதன்று. அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராம சபையில் தெரு வடிகால்களைத் தூர் வாருவதைப் பற்றிப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் பேசி முடிவெடுப்பார்களாயின், மழைக்கு முன் ஒரு பக்ஷமேனும் அவகாசம் கிடைக்கும்.

அடுத்தது நாற்று. நடவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே இதில் முறை. தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 முதல் 45 நாள் வேண்டும். கார்த்திகை முதல் வாரத்தில் தக்காளி நட விரும்புவோர் ஐப்பசி இரண்டாம் வாரத்திற்குள் விதைக்க வேண்டும். தை பிறந்ததும் மிளகாய் நடுவதாயின் கார்த்திகை நடுவிலேயே நாற்றங்கால் தயாராக வேண்டும். நாற்றங்கால் ஒரு மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மேட்டுப் பாத்தியாக இருக்கட்டும். இம்மாதங்களில் நாற்றழுகலே பெரும் பகை. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் கணக்கில் கலந்து விதைத்தல் நலம். வீட்டுத் தோட்டத்தின் சிறிதளவு விதைக்கு ஒரு சிட்டிகை போதும். மேலே தென்னங்கீற்றுப் பந்தலிட்டு, பக்கங்களைக் காற்றோட்டமாக விட வேண்டும்.

கொத்தவரையையும் சின்ன வெங்காயத்தையும் நாற்றின்றி நேரடியாகவே ஐப்பசியில் போடலாம்.

தொழு எரு சென்டுக்கு 100 கிலோ அளவில் இடலாம். நன்கு மக்கியதாக இருத்தல் அவசியம். பச்சைச் சாணம் புழுவையும் கரையானையும் வரவழைக்கும். பெருமழைக்கு முன் யூரியா இடுவது, பணத்தை வடிகாலில் கரைப்பதாகும்.

ஆடியில் விதைத்த வெண்டையில் நல்ல செடிகள் இரண்டு மூன்றில் காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, மழைக்கு முன்னரே விதை எடுத்துவிட வேண்டும். புடலை, பீர்க்கு ஏறிய பந்தற்கால்களை அசைத்துப் பார்த்து, தளர்ந்தவற்றை மாற்றுவதும் இப்போதே. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையே வேரோடு சாய்த்தது, பந்தல் எம்மாத்திரம்? புழு துளைத்து உதிர்ந்த காய்களைத் தோட்டத்தில் விடாது, ஆழக் குழியில் புதைத்தால் பழ ஈ பெருகாது.

தோட்டத்தின் படத்தை ஒரு தாளில் வரைந்து, எந்தப் பாத்தியில் எது விளைந்தது என்று குறித்து வைப்பது நன்று. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஒன்றன்பின் ஒன்றாக அதே பாத்தியில் வைத்தால், வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் மண்ணில் நிலைத்துவிடும். கத்தரி இருந்த இடத்தில் இப்பருவத்தில் கொத்தவரையோ கீரையோ வைத்து, ஓரத்தில் செண்டுமல்லி நடுக. தை மாதத்துக் கத்தரிக்கு வேறொரு பாத்தியை இன்றே தாளில் ஒதுக்கி வைப்போம். அதற்கான விதையைக் கார்த்திகை கடைசி வாரத்தில் தெளிக்கலாம்.