காற்றைக் கட்டிவைக்கும் மரப்பெட்டி

அதியமான்கோட்டை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் அதியமான் நெடுமான் அஞ்சி. பொது மன்றத்தில் தொங்கிய தண்ணுமையின் மீது காற்று மோதி எழும் ஓசையைக் கேட்டாலே, போர் வந்துவிட்டது என்று அவர் கிளர்ந்தெழுவாராம். ஔவையார் புறநானூற்றில் இதைப் பாடியிருக்கிறார். தோலும் காற்றும் சேர்ந்தால் ஒலி பிறக்கும் என்ற இந்தச் செய்தியே சப்வூஃபர் என்னும் கனத்த ஒலிபெருக்கிக்கும் அடிப்படை. அதற்குரிய மரப்பெட்டியை நாமே செய்யக் கற்போம்.

பெட்டி எதற்கு?

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே தள்ளும்போது முன்னிருக்கும் காற்று நெருங்குகிறது; பின்னிருக்கும் காற்று தளர்கிறது. இவ்விரண்டும் எதிரெதிரானவை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். ஆகவே நொடிக்கு 40 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். இவ்வளவு நீண்ட அலை, சிறிய ஒலிபெருக்கியைச் சுற்றி வந்து முன்பக்க அலையை அழித்துவிடும். பின் அலையை அடைத்து வைப்பதே பெட்டியின் வேலை.

1954-இல் அமெரிக்கரான எட்கர் வில்சர், தம் மாணவர் ஹென்றி குளோஸுடன் சேர்ந்து, முற்றிலும் மூடிய சிறு பெட்டி கொண்ட ஒலிபெருக்கியை உருவாக்கினார். உள்ளே அடைபட்ட காற்றே சுருள்வில் போலக் கூம்பைத் தாங்குகிறது. காற்று கசிந்தால் வில் தளரும், ஒலியும் கெடும்.

அளவும் அறுப்பும்

10 அங்குல ஒலிபெருக்கி ஒன்றுக்கு எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு பார்ப்போம். பெட்டியின் உள்ளளவு 34 × 34 × 26 செ.மீ. பெருக்கினால் 30,056 கன செ.மீ., அதாவது சுமார் 30 லிட்டர். வாங்கிய ஒலிபெருக்கியின் குறிப்பேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

பலகை 18 மி.மீ. பிளைவுட். மெல்லிய பலகை தானே அதிர்ந்து இரையும். வெட்ட வேண்டிய துண்டுகள்: முன், பின் பலகைகள் 37.6 × 37.6 செ.மீ.; மேல், கீழ் 37.6 × 26 செ.மீ.; பக்கங்கள் 34 × 26 செ.மீ. ஒவ்வொன்றிலும் இரண்டு. முன்பலகையில் வட்டத் துளை. அதன் அளவை ஒலிபெருக்கியை வைத்துப் பார்த்தே குறிக்க வேண்டும். அறுக்கும்போது மூக்கை மூடிய துணியும், அருகில் பெரியவர் ஒருவரும் அவசியம்.

ஒட்டுதல்

பலகை ஓரங்களில் தாராளமாக மரப்பசை தடவிப் பொருத்துவோம். திருகாணிக்கு முன்னதாகச் சிறு துளை இட்டால் பலகை பிளக்காது. சுமார் பத்து செ.மீ.க்கு ஒரு திருகாணி போதும். இறுக்கும் கருவி இல்லையென்றால், பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கலாம். ஒரு நாள் காய விட வேண்டும்.

அடைத்தல்

இதுவே உயிர்நிலை. இருட்டறையில், பெட்டிக்குள் டார்ச் விளக்கை எரியவிட்டு வட்டத் துளையைக் கனத்த அட்டையால் மூடுவோம். ஒளி கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும். பெரிய இடுக்கில் மரத்தூளும் பசையும் குழைத்துத் திணிப்போம். பிறகு வட்டத் துளை வழியே கையை விட்டு, உள்மூலைகள் முழுவதும் சிலிக்கான் பசையை இழுத்துத் தேய்ப்போம். கம்பி வரும் துளையையும் மறக்கக் கூடாது. பசையின் புளித்த நெடி முற்றிலும் அடங்கிய பின்னரே ஒலிபெருக்கியைப் பொருத்த வேண்டும்.

உள்ளே தலையணைப் பஞ்சு சிறிது தளர்வாக வைத்தால், பெட்டி சற்றுப் பெரிதானது போலவே நடந்துகொள்ளும். ஒலிபெருக்கியின் விளிம்புக்கும் பலகைக்கும் இடையே ஸ்பாஞ்சு நாடா ஒட்டி, திருகாணிகளை எதிரெதிராக முடுக்குவோம்.

சோதனை

கூம்பை விரல்களால் மெல்ல அழுத்துவோம். காற்றின் எதிர்ப்பு தெரிய வேண்டும். சீறும் ஓசை கேட்கக் கூடாது. கனத்த ஒலி ஒன்றை மெதுவாக இசைத்து, மூட்டுகளின் அருகே ஊதுவத்தியைப் பிடிப்போம். பஞ்சிலும் மரத்திலும் நெருப்பு படாமல் கவனம் தேவை. புகை ஓரிடத்தில் மட்டும் துடித்தால் அங்கே துளை உள்ளது என்று பொருள். மீண்டும் அடைப்போம். மின் இணைப்பைப் பெரியவர் முன்னிலையில் மட்டுமே கொடுப்போம்.

கணக்கும் இயற்பியலும் தச்சும் இப்பெட்டியில் ஒன்று சேர்கின்றன. "பெண்பிள்ளைக்கு ரம்பம் எதற்கு?" என்று கேட்பவர்க்கு, கசியாத பெட்டி ஒன்றே பதில் சொல்லும். இத்துடன் ஒரு பொறுப்பும் நமக்கு உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது பொது விதி. சுவருக்கு அப்பால் தேர்வுக்குப் படிக்கும் தங்கை ஒருத்தி இருக்கலாம். தூக்கம் வராத பாட்டி ஒருவர் இருக்கலாம். கனத்த ஒலி சுவரையும் தாண்டும். பெட்டியைக் கசியாமல் மூடத் தெரிந்த நமக்கு, ஒலியின் அளவைக் குறைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.