அப்பாவின் உயில் இன்னும் 2004-லேயே நிற்கிறதா?

இம்மாதப் படிப்பு வட்டத்துக்கு உயிலை எடுத்துக்கொள்கிறோம். எழுதி வைத்த உயிலைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதுதான் பாடம். நம் வீடுகளில் உயில் எழுதியவர்களே குறைவு. எழுதியவர்களும் அலமாரியில் நகைப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டியதோடு சரி. "அதான் எழுதியாச்சே" என்ற நிம்மதியிலேயே இருபது வருஷம் ஓடிவிடும்.

கிள்ளானில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பா 2004-இல் உயில் எழுதினார். மகளுக்கு அப்போது 6 வயது. உயிலில் மூன்றே விஷயம்: தாமானில் இருக்கும் டெரஸ் வீடு மனைவிக்கு, பேங்கில் உள்ள பணம் மகளுக்கு, உயிலை நிறைவேற்றும் பொறுப்பு பெரியப்பாவுக்கு. 2007-இல் மகன் பிறந்தான். 2013-இல் பழைய வீட்டை விற்று, வேறு தாமானில் அப்பா அம்மா இருவர் பெயரிலும் புது வீடு வாங்கினார்கள். 2018-இல் பெரியப்பா தவறிவிட்டார். தாத்தா எப்போதோ போய்விட்டார், பாட்டி இருக்கிறார். உயிலை மட்டும் யாரும் தொடவில்லை. இன்றைக்கு அப்பாவுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

உயிலில் எழுதிய வீடு அவரிடம் இல்லை. ஆகவே அந்த வரிக்கு வேலையே இல்லை. புது வீட்டைப் பற்றி உயிலில் பேச்சு இல்லை. "மற்ற எல்லாச் சொத்தும் இன்னாருக்கு" என்று ஒரு பொது வரி இருந்திருந்தால் அது காப்பாற்றியிருக்கும். அதுவும் இல்லை. பேங்குப் பணம் முழுக்க மகளுக்கே போகும். பின்னால் பிறந்தான் என்பதற்காகத் தம்பி பெயர் உயிலில் தானாக ஏறிக்கொள்ளாது. பெரியப்பா இல்லாததால், அவர் இடத்துக்கு வேறொருவரை நியமிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். "கிராண்டுல ரெண்டு பேர் பேரும் இருக்கே, தானா அம்மாவுக்கு வந்துடும்" என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். மலேசிய நிலச் சட்டத்தில் அப்படி இல்லை. இருவர் பெயரில் இருந்தால் ஆளுக்கு ஒரு பங்கு, அவ்வளவுதான். இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அந்த வாரிசுகள் யார் என்று உயில் சொல்லாவிட்டால், தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் சொல்லும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால்.

கணக்குப் போடுவோம். கடன் அடைந்த வீடு, மதிப்பு 480,000 ரிங்கிட். அப்பாவின் பாதி 240,000. இதில் அம்மாவுக்கு 60,000. அக்காவுக்கும் தம்பிக்கும் சேர்த்து 120,000. பாட்டிக்கு 60,000.

பாட்டிக்குப் போவதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். ஒரு தப்பும் இல்லை, பெற்ற தாய்க்கு உரியதுதான். சிக்கல் அடுத்த படியில் வருகிறது. பாட்டி உயில் எழுதாமல் கண்ணை மூடினால், அவருடைய அந்தப் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் பிரியும்: சித்தப்பா, அத்தை, இறந்துபோன பெரியப்பாவின் பிள்ளைகள், அப்பா வழியாக அக்காவும் தம்பியும். அம்மா சமைத்துத் துவைத்து வாழும் வீட்டில் இத்தனை பேருக்குச் சின்னச் சின்னப் பங்கு. வீட்டை விற்க வேண்டுமானால் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருப்பார், இன்னொருவர் கல்யாணத்தில் மரியாதை தரவில்லை என்று பேச்சை விட்டவராக இருப்பார். குடும்பங்கள் உடைவது பெரும்பாலும் பேராசையால் என்று சொல்வார்கள். நான் பார்த்த வரையில் பழைய காகிதத்தால் உடைந்தவையும் கொஞ்சமில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். "கொள்ளி போடுற பையனுக்குத்தான் வீடு" என்ற பேச்சு நம் இந்துக் குடும்பங்களில் இன்னும் ஓடுகிறது. ஈமக்கடன் செய்வது மகனின் தர்மம், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் உயில் இல்லாத இடத்தில் சட்டம் மகனையும் மகளையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. கல்யாணமாகிப் போன அக்காவுக்கும் சம பங்கு உண்டு.

எடுத்து வளர்த்த பிள்ளை விஷயம் இன்னும் நுட்பமானது. சொந்தத்தில் ஒரு குழந்தையை வாங்கித் தன் பிள்ளையாக வளர்ப்பது நம்மிடம் சாதாரணம். 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்ற உத்தரவு வாங்கியிருந்தால்தான் அந்தப் பிள்ளை பங்கீட்டுச் சட்டத்தில் பிள்ளையாகக் கணக்கில் வரும். வெறுமனே தத்துப் பதிவு மட்டும் செய்திருந்தால் போதாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு உயிலில் பெயர் இருந்தே ஆக வேண்டும். அதேபோல, கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்தித் தேசியப் பதிவிலாகாவில் திருமணத்தைப் பதியாமல் விட்ட தம்பதிகள் இருக்கிறார்கள். நாளைக்கு "நான்தான் மனைவி" என்று நிரூபிப்பதே அந்த அம்மாவுக்குப் பெரிய பாடாகிவிடும்.

இதுவரை உயில். உயிலுக்கு வெளியே நிற்கும் பணமும் உண்டு.

நம் கதையில் வரும் அப்பா, கல்யாணத்துக்குப் பிறகு ஊழியர் சேமநிதியில் மனைவிக்குப் பாதி, தன் தங்கைக்குப் பாதி என்று நாமினி எழுதி வைத்திருந்தார். அத்தை அப்போது கல்யாணமாகாதவர், அண்ணனுக்கு அந்தக் கவலை. இன்றைக்கு அத்தை மூன்று மாடி வீட்டில் இருக்கிறார். உயிலில் "என் இபிஎஃப் பணம் முழுக்க என் மனைவிக்கு" என்று அப்பா எழுதினாலும் அது செல்லாது. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் எழுதிய நாமினிக்குப் பணம் நேரடியாகச் சொந்தமாகிவிடும், உயில் அதைத் தொட முடியாது. சேமநிதியில் பெயரை மாற்றத்தான் வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.

காப்புறுதி உங்களுக்கே நேராகப் பொருந்தும். 22 வயதில் முதல் வேலை, ஏஜெண்டு வீட்டுக்கு வருகிறார், பாலிசி எடுக்கிறீர்கள், நாமினி அம்மா. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாத ஒருவர் மனைவியோ பிள்ளையோ இல்லாத நிலையில் பெற்றோரை நாமினியாகப் போட்டால், அந்தப் பாலிசி அவர்களுக்கான அறக்கட்டளைப் பணமாகிவிடும். நாளைக்கு உங்களுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தாலும் அது தானாக மனைவி பக்கம் திரும்பாது. மாற்ற நினைத்தால் டிரஸ்டியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தனியாக யாரையும் டிரஸ்டியாகப் போடாவிட்டால் அது அம்மாதான். அம்மா நல்லபடியாக இருக்கும்போதே கேட்டு வாங்குவது சுலபம். இதை எத்தனை ஏஜெண்டுகள் கையெழுத்துக்கு முன் விளக்கிச் சொல்கிறார்கள்?

தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டி இருந்தால் இன்னொரு கேள்வி. துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அவர்களுக்குப் பங்கு இருந்ததா? இருந்தால் அது இப்போது யார் பெயரில் இருக்கிறது? பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அடகுக் கடை ரசீதும் அங்கேதான் கிடைக்கும், அதுவும் சொத்துதான்!

உயிலை எப்போது எடுத்துப் பார்ப்பது? வீடு வாங்கும்போது, விற்கும்போது, பிள்ளை பிறக்கும்போது, நிறைவேற்றுபவர் இறந்துவிட்டால். எல்லாவற்றுக்கும் மேலே கல்யாணம். 1959-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும். இன்னாரை மணக்கப் போகிறேன் என்று மனத்தில் வைத்து எழுதியதாக உயிலிலேயே இருந்தால் மட்டும் விதிவிலக்கு. விவாகரத்து நேர்மாறு. மணமுறிவு ஆனதால் மட்டும் உயில் ரத்தாகாது. பிரிந்துபோன முன்னாள் மனைவியின் பெயர் அப்படியே நிற்கும்.

மாற்றும்போது பழைய உயிலிலேயே பேனாவால் அடித்துத் திருத்தாதீர்கள். முறைப்படி கையெழுத்தும் சாட்சியும் இல்லாத திருத்தம் செல்லாது. பெரிய மாற்றம் என்றால் புது உயிலே எழுதி, பழையது ரத்து என்று அதில் சொல்லிவிடுவது நல்லது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால், உயில் நிற்கும், ஆனால் அவருக்கு எழுதியது போய்விடும். "மருமகன்தானே, போடட்டும்" என்று மகளுடைய பங்கையே இழக்க வைத்துவிடாதீர்கள். அம்மாவுக்கும் தனி உயில் வேண்டும். வீட்டில் அவருடைய பாதி, தாலி, நகை எல்லாம் அவருடையவை. ஒரிஜினல் எங்கே இருக்கிறது என்று நிறைவேற்றுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் போய் நிரந்தரவாசியாகிவிட்ட நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: அங்குள்ள மத்திய சேமநிதியும் உயிலில் அடங்காது. அந்த நியமனம் உங்கள் கல்யாணத்தோடு தானாக ரத்தாகிவிடும், மறுபடி எழுத வேண்டும்.

சரி, அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது? இதுதான் கஷ்டமான பகுதி. "உயில் எழுதிட்டீங்களா?" என்று கேட்டால் "நான் எப்ப போவேன்னு பாக்குறியா" என்று வரும். வீட்டில் இதை அபசகுனமாக நினைப்பவர்களும் உண்டு. உங்கள் பாரத்திலிருந்து தொடங்குங்கள். "அப்பா, நான் இபிஎஃப்ல நாமினி போடப் போறேன். உங்க பேரும் அம்மா பேரும் போடுறேன், ஐசி நம்பர் சொல்லுங்க. உங்களோடதுல யார் பேரு இருக்கு, கடைசியா எப்ப பாத்தீங்க?" சாப்பிட்ட பிறகு, டிவி நிறுத்திய நேரத்தில், தங்கை தம்பியும் இருக்கும்போது கேளுங்கள். ஒருவர் மட்டும் ரகசியமாகக் கேட்டால்தான் சந்தேகம் வரும். யாருக்கு எவ்வளவு என்பது அவர்கள் முடிவு. பெயரும் வீடும் இன்றைக்குச் சரியாக இருக்கிறதா என்பதை மட்டும் நீங்கள் கேளுங்கள்.

வட்டத்தில் செய்து பார்க்க ஒரு கணக்கு. மேலே சொன்ன குடும்பத்தில் பாட்டியும் இல்லை, உயிலும் அதே பழைய உயில்தான் என்று வையுங்கள். மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. அப்பாவின் 240,000-இல் அம்மாவுக்கு எவ்வளவு வரும்? 80,000 என்று வந்திருந்தால் சரி. இனி அதே கணக்கை உங்கள் வீட்டில் இருப்பவர்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். தாளை அப்பாவிடம் காட்டலாம்.